ஹல் கொட்டையின் கயர் போகவில்லை. கூட வந்த கெக்குணவைச் சாப்பிடலாமா?

கல்லடி மாமி எழுதியது:

இரத்தினபுரி மாவட்டத்துக் களவானைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து இரண்டு பொதி வந்திருக்கிறது. ஒன்றில் ஹல் என்கிற காட்டு மரத்தின் கொட்டை 6 கிலோ. மற்றதில் கெக்குண என்கிற காட்டுப் பருப்பு என்று சொல்லி ஓட்டோடு 3 கிலோ. ஹல்லை மாவாக்கிப் பிட்டுக்கும் ரொட்டிக்கும் கலக்கலாம், கெக்குணப் பருப்பைக் கஜுவுக்குப் பதிலாகத் தொதல், மஸ்கட் போன்ற இனிப்புகளில் போடலாம் என்று எண்ணம். சரிவந்தால் சிறிய அளவில் விற்கவும் விருப்பம்.

ஹல்லில் ஒரு கிலோவை உரித்து, விரல் தடிப்பில் வெட்டி, இரும்புத் தாச்சியில் மூன்று தண்ணி மாற்றி அவித்தேன். துண்டுகள் கரிக்கறுப்பாகி, வெளியே பசை மாதிரி வழவழக்கின்றன; உள்ளே கயர், அந்த வாயை இழுக்கிற துவர்ப்பு, அப்படியே நிற்கிறது. இன்னொரு அரைக் கிலோவைப் பச்சையாகவே வாளியில் ஊறப்போட்டேன். இரண்டாம் நாளே நுரைத்துப் புளி மணம் வந்துவிட்டது. மிச்சம் நாலரைக் கிலோ இருக்கிறது, அதில் சிலது முளைவிடத் தொடங்கியிருக்கிறது.

அனுப்பியவர்கள் ஓடையில் சாக்கோடு போட்டுவைக்கச் சொன்னார்கள். இங்கே மட்டக்களப்பில் ஓடைக்கு எங்கே போவது? கிணறும் குழாயும்தான். வாவியில் கட்டித் தாழ்த்தலாமா? கெக்குண ஓட்டை உடைத்ததும் பருப்பைப் பச்சையாகச் சாப்பிடலாமா? ஓடுகள் எல்லாம் ஒரே மாதிரியும் இல்லை. தெரிந்தவர்கள் அளவோடு சொல்லுங்கள்.


ஓடைக்கரை எழுதியது:

மாமி, முதலில் கெக்குணவை எவரும் வாயில் வைக்காதபடி எடுத்து வையுங்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடென்றால் உயரத்தில் வையுங்கள். அதைப் பற்றி அறிந்தவர் கீழே எழுதுவார். ஹல்லைப் பற்றி நான் எழுதுகிறேன்.

ஹல் இலங்கையின் தென்மேற்கு ஈரவலயத்துக்கே உரிய மரம். வட்டேரியா கோபலிபெரா என்பது தாவரவியற் பெயர். தென்னிந்தியாவின் வெள்ளைக் குங்கிலிய மரம் இதற்கு உடன்பிறப்பு. கித்துள் சீவுகிறவர்கள் பதநீர் புளிக்காமல் இருக்க முட்டிக்குள் போடுவது இந்த ஹல் மரத்தின் பட்டையைத்தான். நம் பக்கத்தில் பனையின் பதநீருக்குச் சுண்ணாம்பு தடவுவதைப் போல. பட்டையில் அந்த வேலையைச் செய்யும் தனின் என்கிற கயர்ச்சத்து கொட்டையிலும் நிறைய இருக்கிறது. கொட்டையின் உள்ளே மிச்சம் முழுக்க மாச்சத்து. ஆகவே வேலை ஒன்றுதான்: மாவை வைத்துக்கொண்டு கயரை மட்டும் தண்ணியோடு அனுப்ப வேண்டும்.

நீங்கள் அவித்ததில்தான் பிழை நடந்தது. மாச்சத்து 65, 70 பாகைச் சூட்டிலேயே வீங்கிப் பசையாகிவிடும். அந்தப் பசை கயரை உள்ளே பூட்டிவிடும். அதன் பிறகு எத்தனை தண்ணி மாற்றினாலும் மேற்பரப்பில் இருப்பதுதான் கழுவுப்படும். விரல் தடிப்பும் அதிகம். கறுத்ததற்குக் காரணம் தாச்சி. இரும்பும் தனினும் சேர்ந்தால் மைக்கறுப்பு. அந்தக் காலத்து எழுத்து மையே இப்படித்தான் செய்யப்பட்டது. நஞ்சில்லை, ஆனால் அந்தத் துண்டுகளை இனி மாவாக்க முடியாது. விட்டுவிடுங்கள். புளித்த அரைக் கிலோவையும் வழவழப்பு வந்திருந்தால் காப்பாற்றப் பார்க்காதீர்கள்.

மிச்ச நாலரைக் கிலோவுக்கு இன்றைக்கே கை வையுங்கள். ஹல் கொட்டை நெல்லைப் போலக் காய வைத்துச் சேமிக்கும் விதை இல்லை. ஈரத்தோடு விழும், விழுந்த கையோடு முளைக்கும், முளைக்காவிட்டால் அழுகும். முளை வந்தது பிரச்சினையில்லை. முளையை நறுக்கி எறிந்துவிட்டுக் கொட்டையைப் பாவிக்கலாம். இரண்டாகப் பிளந்து பாருங்கள். உள்ளே வெளிர் நிறத்தில் கெட்டியாக இருந்தால் எடுங்கள். கறுத்து இளகியது, புழுத் துளை உள்ளது, பூஞ்சண மணம் உள்ளது எல்லாவற்றையும் ஒதுக்குங்கள். ஒரு மூலை மட்டும் கெட்டிருந்தாலும் முழுக் கொட்டையையும் எறிவதுதான் நல்லது.

தோலை நீக்கி, வாழைக்காய்ப் பொரியலுக்குச் சீவும் பலகையில் 2 மில்லிமீற்றர் தடிப்பில் சீவுங்கள். தடிப்பு இரட்டித்தால் ஊறும் நாள் இரட்டிப்பதோடு நிற்காது, அதைவிடக் கூடும். சீவியதை வெளியில் வைக்காமல் நேரே தண்ணிக்குள் விடுங்கள். காற்றுப் பட்டால் சிவந்து, அந்த நிறம் மாவிலும் நிற்கும். இடித்துத் தூளாக்கி ஊறவைத்தால் கயர் இன்னும் வேகமாகப் போகும், ஆனால் ஒவ்வொரு முறை வடிக்கும்போதும் மாப்பாலும் சேர்ந்து போகும். அதைக் கூவைக்கிழங்கு மா எடுப்பது போல அடியில் படியவிட்டுத் தெளிவை மட்டும் ஊற்றிப் பிடிக்கலாம். மட்டக்களப்பு வெக்கையில் அந்தக் கூழ் ஒரே இரவில் புளித்துவிடும். அதனால் உங்களுக்குச் சீவல்தான்.

வாவி வேண்டாம். உவர் தண்ணி, நகரத்துக் கழிவும் அதற்குள்தான் வந்து சேர்கிறது. கிணற்றுத் தண்ணியைப் பாவிப்பதென்றால் வாளியின் விளிம்பில் செங்காவிக் கறை பிடிக்கிறதா என்று பாருங்கள். பிடித்தால் அதில் இரும்பு இருக்கிறது, சீவல் கறுக்கும். உன்னிச்சைக் குளத்திலிருந்து வரும் குழாய்த் தண்ணியே போதும்.

பருத்தித் துணிப்பை அல்லது கழுவிய வெங்காய வலைப்பை மூன்று எடுங்கள். ஒவ்வொன்றிலும் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். இறுக்கி அடைத்தால் நடுவில் தண்ணி அசையாது, புளிப்பு அங்கேதான் தொடங்கும். ஒரு கிலோ சீவலுக்கு 5 லீற்றர் தண்ணி. பிளாஸ்டிக், எவர்சில்வர் அல்லது மண் பாத்திரம். பையின் மேல் கழுவிய கல் ஒன்றை வைத்து முழுக்க அமிழ்த்துங்கள், நிழலில் வையுங்கள்.

முதல் நாள் தேத்தண்ணி நிறத்தில் வடியும். அன்றைக்கு நாலு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள், படுக்கப் போகுமுன் கடைசித் தடவை. இரண்டாம் நாளிலிருந்து காலை, மதியம், இரவு என்று மூன்று முறை. ஒவ்வொரு முறையும் பையைத் தூக்கி வடியவிட்டு, கையால் பிசைந்து, வாளியின் உட்பக்கத்தை உரஞ்சிக் கழுவிவிட்டுப் புதுத் தண்ணி விடுங்கள். உங்களுடைய அரைக் கிலோ நுரைத்தது தண்ணி நின்றதால்தான். ஓடையில் ஒரு கிழமை அளவில் ஆகிற வேலை, வாளியில் 7 முதல் 10 நாள் எடுக்கும். நாளை எண்ணி முடிக்காதீர்கள், சோதித்து முடியுங்கள்.

சோதனைக்கு இரண்டு வழி. ஒரு சீவலை எடுத்து முழுதாக ஒரு நிமிடம் சப்பித் துப்புங்கள். கயர் உடனே தெரியாது. பத்துப் பதினைந்து விநாடி கழித்துத்தான் நாக்கின் ஓரமும் கன்னத்தின் உட்பக்கமும் இழுக்கும். அதனால்தான் பலர் "கயர் போய்விட்டது" என்று அவசரப்பட்டு மாவை நாசமாக்குகிறார்கள். மற்றது, துருப்பிடித்த ஆணி நாலைந்தை வினாகிரியில் இரண்டு நாள் ஊறப்போட்டு வைத்துக்கொள்ளுங்கள். சீவல் ஆறு மணித்தியாலம் கிடந்த தண்ணியில் ஒரு கிளாஸ், வெறும் குழாய்த் தண்ணியில் ஒரு கிளாஸ். இரண்டிலும் அந்த வினாகிரி ஐந்து துளி விட்டு வெள்ளைத் துணிக்கு முன்னே வைத்துப் பாருங்கள். கயர் இருந்தால் முதற்கிளாஸ் ஊதாக் கறுப்பாக இருளும். இரண்டும் ஒரே நிறமாக நின்றால் காய வைக்கலாம். சோதித்த தண்ணியைக் கொட்டிவிட வேண்டும், திரும்பப் பைக்குள் ஊற்றக்கூடாது.

காய வைக்கும்போது ஓலைப்பாயில் ஒரு சீவல் தடிப்பில் மட்டும் பரப்புங்கள். கையால் ஒடித்தால் சடக் என்று ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம். பிறகு இடித்து அரித்து, அரிசி மா வறுப்பது போல மெல்லிய நெருப்பில் மணம் வரும்வரை வறுத்து, ஆறவிட்டு, காற்றுப் புகாத ரின்னில் போடுங்கள்.


காட்டுமரம் (அம்பாறை) எழுதியது:

ஹல் பற்றி ஓடைக்கரை ஐயா எழுதியதில் கூட்டவோ குறைக்கவோ எனக்கு ஒன்றுமில்லை. காய்ந்த பனங்கிழங்கின் ஒடியல் மாவை ஊறவைத்துப் பிழிந்து பிட்டு அவிக்கிற நமக்கு இது புதிய வித்தையும் இல்லை.

கெக்குணவுக்கு வருகிறேன். இதில் கவனம் வேண்டும் மாமி, சிங்களத்தில் கெக்குண என்று இரண்டு மரத்தைச் சொல்வார்கள். பெயர் ஒன்றோடொன்று கலந்துவிட்டது. ஒன்று கனேரியம் செய்லானிகம். இலங்கைக்கே உரிய காட்டு மரம், மழைக்காட்டில் உயர்ந்து நிற்கும், பட்டையில் கீறினால் மணக்கும் பிசின் வடியும். இதன் பருப்பைச் சாப்பிடலாம். பிலிப்பைன்ஸின் பிலி, பப்புவா நியூகினியாவின் கலிப், சொலமன் தீவுகளின் ங்காலி எல்லாம் இதே கனேரியம் இனத்துப் பருப்புகள்தான். அங்கே ஊர்ச் சந்தையிலும் கடையிலும் விற்கிறார்கள்.

மற்றது தெல்கெக்குண, அலூரைட்டிஸ் மொலுக்கானா. வெளியிலிருந்து வந்து மலைநாட்டுத் தோட்டங்களிலும் வீட்டு வளவுகளிலும் நடப்பட்ட மரம். ஆமணக்கு, காட்டாமணக்கு, இறப்பர் எல்லாம் இதன் குடும்பம். பருப்பில் பாதிக்கு மேல் எண்ணெய், ருசியும் கெட்டதாக இருக்காது; அதுதான் ஆபத்து. பச்சையாகத் தின்றால் சில மணித்தியாலத்தில் வயிற்றுவலி, வாந்தி, கடுமையான வயிற்றோட்டம். மலாய், இந்தோனேசியச் சமையலில் இதே கொட்டையில் இரண்டு மூன்றை அரைத்துச் சட்டி நிறையக் குழம்புக்குச் சேர்த்து நன்றாகக் கொதிக்க விடுகிறார்கள், குழம்பு தடிப்பதற்காக. அங்கேயும் இது கஜு போலக் கொறிக்கிற பருப்பு இல்லை. தொதலில் வாரிப் போடுவதற்கும் இல்லை.

ஓட்டைப் பார்த்தே பெரும்பாலும் பிரித்துவிடலாம். நல்ல கெக்குணவின் ஓடு நீளம், இரண்டு முனையும் கூர், குறுக்கே வெட்டிப் பார்த்தால் மழுங்கிய முக்கோணம். விரல்களுக்கிடையில் உருட்டினால் மூன்று விளிம்பு தட்டுப்படும். தெல்கெக்குணவின் ஓடு உருண்டை, கொஞ்சம் அமுங்கினது, மேலே கரடுமுரடாகக் குழிவும் மேடும். சிலதில் சுண்ணாம்பு பூசினது போல வெள்ளை, தேய்த்தால் கறுப்பு. உடைத்தபிறகும் வித்தியாசம் உண்டு. நல்லது மெல்லிய மண்ணிறத் தோலோடு ஓட்டை விட்டுச் சுத்தமாகக் கழன்று வரும்; தோலை உரித்தால் உள்ளே பருப்பு மடித்துச் சுருட்டிய இலை போல மடிப்பு மடிப்பாக இருக்கும். தெல்கெக்குண ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும், தோண்டித்தான் எடுக்க வேண்டும், வெள்ளை வெளேரென்று மெழுகு போல வரும்.

இரண்டு அடையாளமும் ஒன்றாகப் பொருந்தினால்தான் உணவுக்கு. ஓடு முக்கோணமாகத் தெரிகிறது, ஆனால் பருப்பு ஒட்டுகிறது என்றால் ஒதுக்குங்கள். பொதியில் கலந்து வந்தது என்பதே எனக்குப் பயம் தருகிறது. உடைத்த பருப்பாக வந்திருந்தால் முழுவதையும் எறியச் சொல்லியிருப்பேன். எவராவது தவறித் தின்று வாந்தி எடுத்தால் வீட்டு வைத்தியம் பார்க்க வேண்டாம், மேலும் வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். கொட்டை ஒன்றையும் கையில் கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.


சாய்ந்தமருது கஜு நானா எழுதியது:

பிரித்த பிறகு உடைக்கிற வேலை என்னுடைய பக்கம்.

மாமி, ஓடு உடைக்குமுன் நாலு நாள் வெயில் காட்டுங்கள். புதுக் கொட்டையில் பருப்பு ஓட்டை நிறைத்துக்கொண்டு நிற்கும், அடித்தால் தூள். காய்ந்தால் பருப்பு சுருங்கி உள்ளே கலகலக்கும். காதுக்குக் கிட்டப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், சத்தம் கேட்டால் சரி.

கஜு உடைக்கிற முறையை இதில் காட்டாதீர்கள். கஜு ஓட்டுக்குள் தோலைச் சுடும் எண்ணெய் இருக்கிறபடியால்தான் நெருப்பில் வாட்டி, சாம்பல் பூசி உடைக்கிறோம். கெக்குண ஓட்டில் அந்த எண்ணெய் கிடையாது, வாட்டத் தேவையில்லை. ஆனால் கஜு உடைத்த கட்டையிலும் சுத்தியலிலும் அந்த எண்ணெய் ஊறிக் கிடக்கும். அதே சாமானில் கெக்குண உடைத்தால் பருப்பில் பட்டு வாயைப் புண்ணாக்கும். தனிக்கட்டை வையுங்கள்.

கட்டையில் ஓட்டின் முனை நிற்குமளவுக்குச் சிறிய குழி ஒன்று தோண்டுங்கள். கொட்டையை நிமிர்த்தி, கூர்முனை குழிக்குள் இருக்க நிறுத்தி, மேல்முனையில் சிறிய சுத்தியலால் தட்டுங்கள். ஒரே அடியில் நொறுக்கப் பார்க்காதீர்கள். இரண்டு மூன்று தட்டில் நெடுக்காகப் பிளக்க வேண்டும். படுக்கவைத்து அடித்தால் முழுப்பருப்புக் கிடைக்காது. ஓட்டுச்சில் கூராகத் தெறிக்கும், கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள்.

மண்ணிறத் தோல் கொஞ்சம் கயர்க்கும். கொதித்து இறக்கிய தண்ணிக்குள் பருப்பை ஒன்றரை நிமிடம் போட்டு வடித்து, விரலால் நசுக்கினால் தோல் வழுக்கி வரும். அதிக நேரம் விட்டால் பருப்பு தண்ணி குடித்துச் சொதசொதவென்றாகும். உரித்த உடனே துணியில் ஒற்றி அதே நாளில் காய வைக்க வேண்டும். ஈரப் பருப்பை ஓர் இரவு மூடி வைத்தால் காலையில் பூஞ்சணம்தான். ஒவன் இருந்தால் 60 பாகையில், கதவைக் கொஞ்சம் திறந்துவைத்து, நடுவில் வெள்ளையாக ஈரம் தெரியாத வரைக்கும். பிறகு வறுக்க 120 பாகையில் 15 முதல் 20 நிமிடம், நடுவில் இரண்டு தரம் பிரட்டி. தாச்சியில் வறுப்பதென்றால் சுத்தமான மணலில், கச்சான் (நிலக்கடலை) வறுப்பது போல. நிறம் பொன்னாகுமுன் இறக்குங்கள். எண்ணெய் கூடிய பருப்பு, இறக்கின பிறகும் உள்சூட்டில் இன்னும் சிவக்கும்.

சாமானை எப்போது காய வைக்கிறீர்கள் என்பதும் பெரிய விசயம். நம் பக்கத்தில் கச்சான் காற்று என்கிற உலர்ந்த காற்று வீசுகிற மாதங்களில் பாயில் போட்டாலே இரண்டு நாளில் முறுகும். மாரியில் வெளியில் போட்டால் பகலில் காய்ந்தது இரவில் திரும்ப ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மாரிக்கு முன் முடிக்க முடியாவிட்டால் உடைக்காமல் ஓட்டோடேயே, காற்றோட்டமுள்ள சாக்கில், நிலத்தில் படாமல் பலகைமேல் வையுங்கள். ஓட்டுக்குள் இருக்கிற பருப்பு மாதக்கணக்கில் நிற்கும். உரித்த பருப்பைப் போத்தலில் அடைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால்தான் காறாது.

பூஞ்சணம் பிடித்த பருப்பைக் கழுவி, வறுத்துப் பாவிக்கிற பழக்கம் நம்மில் பலரிடம் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தப் பூஞ்சணம் விடுகிற அப்லடொக்சின் ஈரலைத் தாக்கும் நஞ்சு. வீட்டு வறுவல் சூட்டில் அது அழியாது. பச்சைப்பொடியோ மஞ்சள்பொடியோ கண்டால் அந்தப் பருப்பும் அதை ஒட்டிக் கிடந்த பருப்பும் குப்பைக்கு.

கஜு ஒத்துக்கொள்ளாத ஆட்களுக்கு இதையும் கொடுக்க வேண்டாம். இரண்டும் ஒரே வரிசையைச் சேர்ந்த மரங்கள்.


காட்டுமரம் (அம்பாறை) எழுதியது:

விற்கிற எண்ணம் இருக்கிறபடியால் இன்னொன்று. கொட்டை எங்கே பொறுக்கப்பட்டது என்று அனுப்பியவர்களிடம் கேளுங்கள். சிங்கராஜக் காடு 1988 இல் தேசிய மரபுரிமை வனாந்தரமாகப் பிரகடனமானது, அதே ஆண்டு உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்தது. அதற்குள்ளிருந்து ஒரு விதை கூட எடுக்க முடியாது. வேறு அரச காடுகளிலும் பழம், விதை எல்லாம் சட்டப்படி வன விளைபொருள்தான். அனுமதி இல்லாமல் எடுத்ததென்றால் ஏற்றி வருகிறவரும் மாட்டுவார். காட்டோர ஊர்களில் ஓடைக்கரைக் காணிகளிலும் வீட்டுத் தோட்ட எல்லைகளிலும் ஹல் நிற்கிறது. அங்கே பொறுக்கியதை வாங்குங்கள், எழுத்தில் ஒரு துண்டும் வாங்கி வையுங்கள்.

சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. ஹல் ஒவ்வொரு வருடமும் ஒரே அளவில் காய்க்காது, விதை மண்ணில் காத்துக் கிடக்காது. பொறுக்குகிறவர்கள் ஒரு மரத்தடியை முழுதாகக் கூட்டி அள்ளினால் அந்த வருடத்துக் கன்று ஒன்றுகூட அங்கே எழும்பாது. முளை நல்லாய் நீண்டதையும் சின்னக் கொட்டையையும் விட்டுவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். முளை நீண்டது மாவுக்கும் உதவாது, காட்டுக்கு உதவும். இதே காடுகளின் பெரலிய என்கிற மரத்துக் கொட்டையையும் மாவாக்குவார்கள், அதற்கும் இதே பேச்சுத்தான். நம் காடுகளில் இந்த மரங்கள் வராது, மழை போதாது. அவர்களுடைய மரத்தை நாம் மொட்டையடிக்கக் கூடாது.

இங்கேயே கிடைக்கிற காட்டுப் பருப்பு வேண்டுமென்றால் கொட்டாங்காய் இருக்கிறது, சிங்களத்தில் கொட்டம்பா. கடற்கரை ஓரமெல்லாம் நிற்கிறது, வீதியோரம் விழுந்து அழுகுகிறது. ஊறவைக்கத் தேவையில்லை, பச்சையாகவே சாப்பிடலாம். பருப்பு சின்னது, ஒரு கிலோவுக்கு நிறைய உடைக்க வேண்டும், அவ்வளவுதான். நில்கலக் காட்டுப் பக்கத்துத் தான்றிக்காய்ப் பருப்பை மட்டும் இதோடு சேர்த்து எண்ணிவிடாதீர்கள். அதிகம் தின்றால் மயக்கமும் தலைச்சுற்றும் வரும்.


கல்லடி மாமி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. கெக்குணவை உருட்டிப் பார்த்துப் பிரித்தேன். மூன்று கிலோவில் ஒரு கிலோவுக்குக் கிட்ட உருண்டை. அதில் ஒன்றை உடைத்தேன். பருப்பு ஓட்டோடு ஒட்டிக்கொண்டு மெழுகு மாதிரி வந்தது. காட்டுமரம் தம்பி சொன்னது அப்படியே. மிச்சத்தை வெயிலில் போட்டிருக்கிறேன், நானா தம்பி சொன்ன கட்டையும் தயார். காணியும் விசாரித்தேன், வீட்டு வளவு மரம் என்கிறார்கள், எழுதித் தரச் சம்மதம்.

ஹல் எட்டாம் நாளில் ஆணிச் சோதனையில் நிறம் மாறவில்லை. காய வைத்து இடித்து வறுத்தாயிற்று. மா இளம் மண்ணிறம். ஆனால் பிட்டு அவித்தால் குழலை விட்டு வரும்போதே உதிர்கிறது, ரொட்டி தட்டினால் ஓரமெல்லாம் வெடிக்கிறது. எங்கே பிழை? அந்த உருண்டைக் கொட்டையை என்ன செய்வது?


ஓடைக்கரை எழுதியது:

உங்கள் கைப்பிழை இல்லை மாமி. கோதுமையில் இருக்கிற இழுவைச்சத்து ஹல்லில் இல்லை. தனியே பிடித்து நிற்காது. பிட்டுக்கு ஒரு பங்கு ஹல் மா, இரண்டு பங்கு வறுத்த சிவப்பரிசி மா. உப்புப் போட்ட தண்ணியைக் கொதிக்க வைத்து இறக்கி, ஹல் மாவை மட்டும் முதலில் அதில் கொஞ்சம் விட்டுப் பிசறிப் பத்து நிமிடம் மூடி வையுங்கள். ஹல் மா அரிசி மாவைவிடத் தண்ணியை மெதுவாகத்தான் குடிக்கும். இரண்டையும் ஒன்றாகக் கலந்து ஒரே தண்ணியில் குழைத்தால் அரிசி மா நனைந்திருக்கும், ஹல் உள்ளே உலர்ந்திருக்கும். அப்படிச் செய்தாலும் குழலில் உதிரும். பிறகு அரிசி மாவைச் சேர்த்துக் குழைத்துக் கொத்தி, தேங்காய்ப்பூவை வழக்கத்தைவிட ஒரு பிடி கூட்டி அவியுங்கள்.

ரொட்டிக்கு ஒரு பங்கு ஹல், ஒரு பங்கு கோதுமை மா, அரைப் பங்கு தேங்காய்ப்பூ. இளஞ்சூட்டுத் தண்ணியில் குழைத்து அரை மணித்தியாலம் மூடி வைத்து, தடிப்பாகத் தட்டி, வாழையிலைத் துண்டில் வைத்தே கல்லுக்கு மாற்றுங்கள். மெல்லிசாகத் தட்டினால் வெடிக்கும். இரும்புக் கல்லில் போட்டதும் ரொட்டியின் அடி கறுத்தால் மாவில் இன்னும் கயர் மிச்சம் என்று அர்த்தம். அடுத்த முறை ஊறுவதை இரண்டு நாள் கூட்டுங்கள்.

முதல் நாள் எல்லாரும் கொஞ்சமாகச் சாப்பிட்டுப் பாருங்கள். மீந்திருக்கிற கயர் மலச்சிக்கல் தரலாம். இரும்புச்சத்து உடம்பில் சேர்வதையும் தனின் தடுக்கும். வீட்டில் கர்ப்பிணியோ இரும்புக் குளிசை குடிக்கிறவரோ இருந்தால் குளிசையையும் இந்தப் பிட்டையும் ஒரே வேளையில் வைக்க வேண்டாம்.


காட்டுமரம் (அம்பாறை) எழுதியது:

உருண்டைக் கொட்டை: உடைத்துக் கோர்த்தால் விளக்காக எரியும், புகை வரும், வெளியில் வைத்து எரியுங்கள். அதற்கு ஆளில்லையென்றால் ஆழக் குழி தோண்டிப் புதையுங்கள். ஆடு, கோழிக்குப் போடாதீர்கள், புண்ணாக்கிலும் அந்த நஞ்சு நிற்கும். ஓட்டோடு குப்பையில் போட்டால் எவராவது பிள்ளை பொறுக்கும்.

விற்பதற்கு முன் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூப்பிட்டுச் சமைக்கிற இடத்தைக் காட்டுங்கள். பொதியில் "காட்டுப் பருப்பு" என்று பொதுவாக எழுதாமல் கெக்குண, ஹல் மா, அரிசி மா என்று கலந்த ஒவ்வொன்றையும் எழுதுங்கள். செய்த திகதியும் காலாவதித் திகதியும் வேண்டும். கெக்குண போட்ட தொதலில் "மரக்கொட்டை ஒவ்வாதவர்கள் தவிர்க்கவும்" என்று பெரிய எழுத்தில். அடுத்த பொதி வரும்போதும் ஒவ்வொரு கொட்டையாக உருட்டிப் பாருங்கள், இந்த முறை நல்ல ஆள் அனுப்பினார் என்று விட்டுவிட வேண்டாம்.


சாய்ந்தமருது கஜு நானா எழுதியது:

தொதலுக்கு ஒரு வார்த்தை. பருப்பை வறுத்தே போடுங்கள், அதுவும் தொதல் சட்டியை விட்டுத் திரண்டு எண்ணெய் கக்கத் தொடங்கிய பிறகு. முதலிலேயே போட்டால் கெக்குணவின் எண்ணெயும் தேங்காய்ப்பாலின் எண்ணெயும் சேர்ந்து தொதல் இறுகாது. ஒரு கிலோ அரிசி மாத் தொதலுக்கு 150 கிராம் பருப்புக் காணும்.